மேட்டுப்பாளையத்தில் பிரியும் இரண்டு சாலைகளும் ஒரு ஃபோட்டானும்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு இரண்டு வழி உண்டு. கல்லாறு, பர்லியாறு, குன்னூர் என்று ஏறுவது ஒன்று. குஞ்சப்பனை, கோத்தகிரி என்று ஏறுவது இன்னொன்று. நான் கோத்தகிரிக்காரன் என்பதால் இரண்டாவதுதான் அழகு என்று எனக்கு ஒரு பாரபட்சம் உண்டு, அதை விடுங்கள். குவாண்டம் இயற்பியலையும் நிகழ்தகவையும் பற்றிப் பேச இந்த இரண்டு சாலைகளைவிட வசதியான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் தெருவில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். லீவுக்கு வந்தவள் ஒரு மாலை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டே கேட்டாள்: "அண்ணா, குவாண்டம்ல எல்லாமே நிகழ்தகவுதான்னு சொல்லித்தர்றாங்க. காசு சுண்டுறதும் நிகழ்தகவுதான். அப்புறம் என்ன வித்தியாசம்? எலக்ட்ரான்ங்கிறது ரொம்பச் சின்னக் காசு, அவ்வளவுதானா?"

இல்லை என்று சொல்வது சுலபம். ஏன் இல்லை என்று சொல்லி முடிக்க அன்றைக்கு இருட்டிவிட்டது. அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் காசு. சுண்டிய காசை உள்ளங்கையால் மூடிவிட்டேன் என்று வையுங்கள். தலையா, பூவா? பாதிக்குப் பாதி என்கிறோம். ஆனால் கைக்கு அடியில் விடை ஏற்கனவே கிடக்கிறது. அந்தப் 'பாதி' காசின் குணமில்லை, நமக்குத் தெரியாததின் அளவு. கையை எடுக்கும்போது புதிதாக எதுவும் நடப்பதில்லை, இருந்தது தெரியவருகிறது. பள்ளியில் படித்த நிகழ்தகவை நாம் பெரும்பாலும் இந்த எண்ணத்தோடுதான் பழகியிருக்கிறோம். நடக்கக்கூடிய அத்தனையையும் ஒரே பட்டியலில் எழுது. அதற்குக் கூறுவெளி என்று பெயர். ஒன்று நடந்தால் மற்றது நடக்காது என்றால் அவற்றின் நிகழ்தகவுகளைக் கூட்டு. எல்லாம் சேர்ந்து 1 வர வேண்டும். ரஷ்யக் கணிதவியலர் கொல்மொகோரோவ் 1933-இல் இவற்றைச் சில அடிப்படை விதிகளாகச் சுருக்கித் தந்தார். இன்ஷூரன்ஸ் பிரீமியமும் மழை அறிவிப்பும் அந்த விதிகளுக்குள்தான் ஓடுகின்றன.

இப்போது சாலைக்கு வருவோம். சீசன் இல்லாத ஒரு நாள், நெரிசல் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரே ஒரு வண்டி கிளம்புகிறது. அது குன்னூர் வழியாக ஏறி ஊட்டியின் நடுவிலுள்ள சேரிங் கிராஸ் சந்திப்புக்கு வந்து சேரும் நிகழ்தகவு கால் என்று வைப்போம். கோத்தகிரி வழியாக வந்து சேருவதற்கும் கால். மிச்சப் பாதியில் வண்டி வேறெங்கோ திரும்பிவிடுகிறது. அப்படியானால் சேரிங் கிராஸில் அந்த வண்டியைப் பார்க்கும் நிகழ்தகவு கால் கூட்டல் கால், ஆக அரை. மண் சரிந்து கோத்தகிரி சாலையை மூடினால் அது காலாகக் குறையும். மண்ணை அள்ளிச் சாலையைத் திறந்தால் மறுபடி அரை. கூடுதலாக ஒரு வழியைத் திறந்ததால் வந்து சேரும் வாய்ப்பு குறைந்துபோயிற்று என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒளியின் மிகச் சிறு பொட்டலமான ஃபோட்டானில் இதுதான் நடக்கிறது.

ஆய்வகத்தில் பாதி வெள்ளி பூசிய கண்ணாடி ஒன்றை வைப்பார்கள். விழும் ஒளியில் பாதியை உள்ளே விட்டு, பாதியைத் திருப்பிவிடும். நம் மேட்டுப்பாளையம் அது. இரண்டு பாதைகளையும் சாதாரணக் கண்ணாடிகளால் வளைத்து, இன்னொரு அரைக்கண்ணாடியில் சேர்ப்பார்கள். அதற்கு அப்பால் இரண்டு உணரிகள். அதில் ஒன்றைச் சேரிங் கிராஸ் என்போம். ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக, ஒன்று போய்ச் சேர்ந்த பிறகே அடுத்தது என்று அனுப்பலாம். ஒரு பாதையை அட்டை வைத்து மறைத்தால் அனுப்பியதில் கால் பங்கு சேரிங் கிராஸுக்கு வருகிறது. அதைத் திறந்து மற்றதை மறைத்தாலும் கால் பங்குதான். இரண்டையும் திறந்தால்? அரை வர வேண்டும். வருவதில்லை. பாதைகளின் நீளத்தைத் துல்லியமாகச் சரிசெய்தால் அனுப்பிய அத்தனையும் வந்துவிடும். நீளத்தை இம்மியளவு, ஒளியின் அரை அலைநீளம் அளவுக்கு மாற்றினால் ஒன்றுகூட வராது. கால், கால், இரண்டும் திறந்தால் பூஜ்யம்!

"ஃபோட்டான்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன" என்று சமாளிக்க முடியாது. உள்ளே இருப்பது ஒரே ஒரு ஃபோட்டான், மோத இன்னொன்று இல்லை. எலக்ட்ரானிலும் இதே கதைதான். 1989-இல் ஜப்பானில் தொனோமுராவும் அவர் குழுவினரும் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பி, திரையில் புள்ளி புள்ளியாக விழுந்தவை மெல்ல மெல்ல வரிகளாகத் திரள்வதைப் பதிவு செய்து காட்டினார்கள்.

கணக்கு எங்கே மாறுகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும், அவ்வளவு சின்ன இடம். குவாண்டத்தில் ஒவ்வொரு வழிக்கும் முதலில் ஒதுக்குவது நிகழ்தகவை அல்ல. வீச்சு என்ற எண்ணை. வீச்சை இருமடி ஆக்கினால், அதாவது தன்னாலேயே பெருக்கினால், நிகழ்தகவு கிடைக்கும். நம் இரண்டு பாதைக்கும் வீச்சு அரை; அரையின் இருமடி கால். சரி, அதனால் என்ன? வீச்சு எதிர்மறையாகவும் இருக்கலாம். நிகழ்தகவு எதிர்மறை ஆகாது. வீச்சுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. விதி இதுதான்: முதலில் வீச்சுகளைக் கூட்டு, அப்புறம் இருமடி ஆக்கு. அரையும் அரையும் கூடினால் 1, இருமடியும் 1. அரையும் எதிர்மறை அரையும் கூடினால் பூஜ்யம், இருமடியும் பூஜ்யம். ஆய்வகத்தில் பார்த்தது அப்படியே வந்துவிட்டது. உண்மையில் வீச்சு கலப்பெண்ணாக, அதாவது அளவோடு திசையும் கொண்ட எண்ணாக, இருக்கும், அதனால் கூடுவதற்கும் கழிவதற்கும் நடுவே எல்லா நிலைகளும் உண்டு; ஆனால் விஷயத்தின் சாரம் இந்தக் கூட்டல் கழித்தலிலேயே வந்துவிடுகிறது.

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வாய்ப்பாடு ஒன்று நினைவிருக்கிறதா? ஏ கூட்டல் பி, அதன் இருமடி என்றால் ஏ இருமடி, பி இருமடி, கூடவே 2ஏபி. ஏ இருமடியும் பி இருமடியும் நமக்குத் தெரிந்த சாலைக் கணக்கு. குவாண்டம் கொண்டுவருகிற புதுச் சரக்கு அந்த 2ஏபி. எட்டாம் வகுப்பில் பலர் எழுத மறந்து மார்க் இழந்த அதே உறுப்புதான். இயற்பியலில் அதைக் குறுக்கீட்டு உறுப்பு என்கிறார்கள்.

இருமடி விதியைச் சொன்னவர் ஜெர்மன் இயற்பியலர் மேக்ஸ் பார்ன், 1926-இல். அந்தக் கட்டுரையில் வீச்சே நிகழ்தகவைத் தரும் என்பது போல எழுதிவிட்டு, அச்சுப்பிழை பார்க்கும் கட்டத்தில் ஓர் அடிக்குறிப்பில், யோசித்துப் பார்த்தால் இருமடிதான் சரி என்று திருத்தினார். 1954-இல் நோபல் பரிசு கிடைத்தது. வரலாற்றிலேயே அதிக லாபம் தந்த அடிக்குறிப்பு அதுவாகத்தான் இருக்கும். ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தபின், 1935-36-இல், அவர் சி.வி. ராமன் அழைத்து பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகத்தில் சில மாதங்கள் இருந்திருக்கிறார். நம் பக்கத்துக்கு அவ்வளவு அருகில் வந்துபோன மனிதர்.

அடுத்து, இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இ-பாஸ் வந்த பிறகு கல்லாறிலும் குஞ்சப்பனையிலும் வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்கள். ஃபோட்டானின் இரண்டு பாதைகளிலும் இப்படி ஒரு சோதனைச் சாவடி வைத்தால்? எந்த வழியாக வந்தது என்று ஏதாவது ஓர் இடத்தில் பதிவாகிவிட்டால், 2ஏபி மறைந்துபோகிறது. கால் கூட்டல் கால், அரை. பழைய கணக்கு அப்படியே திரும்பிவிடுகிறது. அந்தப் பதிவை யாரும் படிக்க வேண்டும் என்றுகூட இல்லை. வழியைக் காட்டிக்கொடுக்கும் தடம் உலகத்தில் எங்காவது மிஞ்சினால் போதும். இங்கேதான் யூடியூபில் பலர் வழுக்கி விழுகிறார்கள்: "மனிதன் பார்த்தால் எலக்ட்ரான் மாறும், எனவே எண்ணமே உலகம்" என்று. பார்ப்பது மனிதக் கண்ணாக இருக்க வேண்டியதில்லை, ஒரு காற்று மூலக்கூறு வந்து மோதிவிட்டுப் போனாலும் அதுவும் பதிவுதான்.

அதனால்தான் நம் வண்டி குவாண்டம் வித்தை காட்டுவதில்லை. பர்லியாறு வளைவுகளில் ஏறும் வண்டி மேல் படும் வெளிச்சம், முட்டும் காற்று, கண்ணாடியில் ஒட்டும் மஞ்சின் ஒவ்வொரு துளி, எல்லாம் "இங்கேதான் போகிறது" என்று கணத்துக்குக் கோடி முறை பதிவு செய்கின்றன. 2ஏபிக்குத் தலை தூக்க வழியே இல்லை. 1999-இல் வியன்னாவில் 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த, கால்பந்து வடிவ மூலக்கூறைக் கொண்டு குறுக்கீட்டைக் காட்டினார்கள். வெற்றிடத்தில்தான் செய்ய முடிந்தது; இடையில் காற்று புகுந்தால் கதை முடிந்தது. ஆக, குவாண்டம் ஒன்றும் பழைய நிகழ்தகவுக்கு எதிரி இல்லை. 2ஏபி அழிந்த பிறகு மிஞ்சுவதைத்தான் நாம் நிகழ்தகவு என்று பள்ளியில் படித்தோம்.

இவ்வளவும் கேட்டுவிட்டு அந்தப் பெண் விடவில்லை. "சரிண்ணா, கணக்கு வேற மாதிரி. ஆனா அடியில மூடின காசு இருக்கலாம்ல? ஃபோட்டானுக்குள்ள நமக்குத் தெரியாத ஏதோ விவரம் இருக்கு, அது தெரிஞ்சா எல்லாம் தெரிஞ்சிடும்னு?"

ஐன்ஸ்டீனும் கிட்டத்தட்ட இதையேதான் எதிர்பார்த்தார் என்றேன். அவளுக்குப் பெருமை. இதற்குப் பதில் சொல்ல மழையைக் கூப்பிட வேண்டியிருந்தது.

நீலகிரியில் மழை ஊருக்கு ஊர் மாறும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஜூலையில் கூடலூரில் கொட்டோ கொட்டு என்று கொட்டும். கோத்தகிரியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். எங்களுக்கு ஐப்பசி கார்த்திகையில்தான் பெருமழை. ஊட்டி நடுவில், இரண்டுக்கும் பொதுவாக. இந்த மூன்று ஊரிலும் 'இன்று காலை மழை உண்டா' என்று கேட்போம். நூறு நாளில் கூடலூரும் ஊட்டியும் 25 நாள் வேறுபட்டன என்று வைப்போம், ஓர் இடத்தில் மழை, மற்றதில் இல்லை. ஊட்டியும் கோத்தகிரியும் 25 நாள் வேறுபட்டன. கூடலூரும் கோத்தகிரியும் அதிகபட்சம் எத்தனை நாள் வேறுபட்டிருக்க முடியும்?

ஐம்பது. அதற்கு மேல் முடியாது. கூடலூரில் மழை, கோத்தகிரியில் வெயில் என்று ஒரு நாளை எடுங்கள். அன்று ஊட்டியில் என்ன? மழை என்றால் ஊட்டி கோத்தகிரியோடு வேறுபடுகிறது. வெயில் என்றால் கூடலூரோடு வேறுபடுகிறது. எப்படிப் பார்த்தாலும் அந்த நாள் அந்த இரண்டு 25-களில் ஏதோ ஒன்றுக்குள் அடங்கியாக வேண்டும். வானிலை அறிவியல் எதுவும் இதில் இல்லை. மூன்று ஊருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு விடை இருந்தது என்பது மட்டும் போதும். கணிதவியலர் ஜார்ஜ் பூல் 1862-லேயே இந்த வகை வரம்புகளை எழுதிவைத்து, அனுபவத்தில் சாத்தியமான எண்களுக்கு இவை நிபந்தனை என்றார்.

இன்னும் ஒரு சிக்கலைச் சேர்ப்போம். ஒரு காலையில் இரண்டு ஊருக்கு மட்டுமே போன் போட முடியும். எந்த இரண்டு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிறேன். பல மாதம் கழித்து நோட்டைப் பார்த்தால், கூடலூர்-ஊட்டி கேட்ட நாட்களில் நூற்றுக்கு 25 வேறுபாடு, ஊட்டி-கோத்தகிரி நூற்றுக்கு 25, கூடலூர்-கோத்தகிரி நூற்றுக்கு 75. என்ன நினைப்பீர்கள்? யாரோ பொய் சொல்கிறார்கள் என்பீர்கள். அல்லது நான் போன் போட்டதே மழையை மாற்றியது என்பீர்கள்.

மழையை விட்டு ஃபோட்டான்களிடம் கேட்டால், இயற்கை தரும் எண்கள் இந்த 25, 25, 75-தான்.

ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற போலராய்டு தகட்டை ஒளியின் வழியில் வைத்தால் ஒரு ஃபோட்டான் அதைக் கடக்கும், அல்லது கடக்காது. இரண்டே விடை, மழை உண்டு இல்லை என்பது போல. தகட்டைத் திருப்பித் திருப்பிக் கேள்வியை மாற்றலாம்: 0 பாகை, 30 பாகை, 60 பாகை. இவைதான் நம் கூடலூர், ஊட்டி, கோத்தகிரி. இனி, ஃபோட்டான்களைச் சோடியாகப் பிறக்கவைத்து எதிரெதிர்த் திசையில் அனுப்பலாம். பின்னலில் இருக்கும் சோடி என்பார்கள். இரண்டு பக்கமும் தகடுகள் ஒரே கோணத்தில் இருந்தால் விடையும் எப்போதும் ஒன்றே: இரண்டும் கடக்கும், அல்லது இரண்டும் நின்றுவிடும். அப்படியானால் இரண்டும் பிறக்கும்போதே 0-க்கு இது, 30-க்கு இது, 60-க்கு இது என்று ஒரே விடைத்தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புகின்றன என்று நினைப்பதுதானே இயல்பு? மூடிய காசு என்று அவள் சொன்னது இந்த விடைத்தாளைத்தான். ஒரு சோடியிடம் இரண்டு கேள்விதான் கேட்க முடியும், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மூன்றாவது ஊருக்குப் போன் போட வழியில்லை.

இரண்டு தகடுகளுக்கும் 30 பாகை வித்தியாசம் இருந்தால் விடைகள் வேறுபடும் பங்கு கால் என்று குவாண்டம் கணிக்கிறது. 60 பாகை என்றால் முக்கால். வித்தியாசக் கோணத்தின் சைன் மதிப்பை இருமடி ஆக்கினால் வருவது, நீங்களே போட்டுப் பார்க்கலாம். விடைத்தாள் இருந்தால் ஐம்பதைத் தாண்டக் கூடாது. எழுபத்தைந்து வருகிறது. இயற்பியலர் ஜான் பெல் 1964-இல் காட்டியதின் சாரம் இதுதான், அவர் எழுதிய வடிவம் கொஞ்சம் வேறு என்றாலும். ஆய்வகக் கருவிகள் நூற்றுக்கு நூறு சுத்தமாக வேலை செய்யாது என்பதால் சோதனைக்குத் தோதான வடிவம் ஒன்றை 1969-இல் கிளாசரும் வேறு மூவரும் தந்தார்கள். கிளாசரும் ஃப்ரீட்மனும் 1972-இல் சோதித்தார்கள். பாரிஸ் அருகே ஆஸ்பே 1982-இல், ஃபோட்டான்கள் பறந்துகொண்டிருக்கும்போதே கேள்வியை மாற்றிப் பார்த்தார். 2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில், முந்தைய சோதனைகளில் சந்தேகம் சொல்ல இருந்த முக்கிய ஓட்டைகளை ஒரே சோதனையில் அடைத்துச் செய்தார்கள். எல்லாவற்றிலும் வரம்பு உடைந்தது. ஆஸ்பே, கிளாசர், இதே துறையில் சோதனைகள் செய்த ட்சைலிங்கர் மூவருக்கும் 2022-இல் நோபல். பெல் 1990-லேயே இறந்துவிட்டார்.

அப்படியானால் கொல்மொகோரோவின் விதிகள் பொய்யா? பலர் இப்படித்தான் எழுதிவிடுகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. தகடுகளை 0-விலும் 60-விலும் வைத்து அளந்தால் வரும் எண்கள் பழைய விதிகளுக்குப் பிசகாமல் அடங்குகின்றன. 0-விலும் 30-விலும் வைத்தாலும் அப்படியே. ஒரு சோதனைக்கு ஒரு கூறுவெளி, அதற்குள் எந்தக் கோளாறும் இல்லை. ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் வானத்திலிருந்து இறங்கும் மியூவான்களை, அதாவது எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள்களை, பதிவு செய்கிறார்கள். மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோவினாடி, எது எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுத்தமான குவாண்டம் நிகழ்வு. ஆனாலும் அவற்றை எண்ணிக் கணக்கிடுவதற்குச் சாதாரணப் புள்ளியியலே போதும். (மியூவானுக்கு முதுமை கிடையாது என்பது ஒரு வேடிக்கை. எவ்வளவு நேரம் வாழ்ந்திருந்தாலும் அது அன்று பிறந்தது போலவே.) கணிக்க முடியாமை குவாண்டத்தின் தனிச் சொத்து இல்லை.

உடைவது வேறு இடத்தில். 0-30, 30-60, 0-60 என்ற மூன்று சோதனைகளின் நோட்டுகளையும் ஒன்றாகத் தைத்து, மூன்று கேள்விக்கும் விடை எழுதிய ஒரே பெரிய பட்டியலிலிருந்து இவை வந்தன என்று சொல்லப் போகும்போதுதான் தையல் பிரிகிறது. அப்படி ஒரு பட்டியல் இருக்கவே முடியாது. காசு உதாரணத்தில் நாம் கேட்காமலே எடுத்துக்கொண்ட சலுகை அந்தப் பெரிய பட்டியல்.

தப்பிக்க வழிகள் இல்லாமல் இல்லை. கூடலூருக்குப் போட்ட போன் அந்தக் கணமே கோத்தகிரி மழையை மாற்றுகிறது என்று ஏற்றுக்கொண்டால் விடைத்தாளைக் காப்பாற்றலாம். டேவிட் போம் 1952-இல் வகுத்த கொள்கை இந்த வகை. நான் எந்தச் சீட்டை எடுப்பேன் என்பதும் வானிலையும் ஆதியிலிருந்தே கூட்டுச் சேர்ந்திருக்கின்றன என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் எந்தச் சோதனையையும் நம்ப முடியாமல் போகும் என்பது அதில் நான் காணும் குறை. கேட்காத கேள்விக்கு விடை இருந்தது என்ற எண்ணத்தையே விட்டுவிடலாம் என்பவர்களும் நிறைய. எதை எடுத்தாலும் ஒன்று நிச்சயம்: இதைக் கொண்டு ஒளியைவிட வேகமாகச் சேதி அனுப்ப முடியாது. ஒரு பக்கம் மட்டும் பார்ப்பவருக்குத் தெரிவது எப்போதும் பாதிக்குப் பாதிதான். இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் விசித்திரமே தெரியும்.

கிளம்பும்போது அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். உண்மையான போலராய்டு கூலிங் கிளாஸ் இரண்டை எடுத்து ஒன்றுக்கொன்று குறுக்காகப் பிடி, ஒளி நின்றுவிடும். நடுவில் மூன்றாவதை 45 பாகை சாய்த்துச் செருகு. தடுப்பதற்கு இன்னொன்றைச் சேர்த்தால் ஒளி திரும்பி வரும். முதல் தகட்டைத் தாண்டியதில் பாதி நடுத்தகட்டைத் தாண்டும், அதில் பாதி கடைசியைத் தாண்டும், ஆகக் கால் பங்கு. பெல் காட்டியதற்கு இது நிரூபணம் இல்லை, ஒளியை அலை என்று எடுத்துக்கொண்டே இதை விளக்கிவிடலாம். ஆனாலும் கையில் பிடித்துப் பார்க்கக் கிடைப்பது இதுதான்.

இரண்டு நாள் கழித்து போட்டோ அனுப்பினாள். நடுவில் லேசான வெளிச்சம், கால் பங்கைவிட மங்கல். மூன்றாவதை ஏரிக்கரைக் கடையில் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கினாளாம். "அதுல போலராய்டுன்னு ஸ்டிக்கர் மட்டும்தான் ஒட்டியிருந்துச்சுண்ணா. சாயம் பூசின வெறும் பிளாஸ்டிக். கடைசியில அப்பாவோட பழைய கண்ணாடியைத்தான் செருகினேன், முழுக்கக் கீறல்."